இரண்டு கார்ட் போட்டால் இரட்டிப்பாக ஓடாது

கொஞ்சம் நீளமான பதிவு. கேமிங் கொம்பியூட்டர் கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

போன கிழமை பின்னேரம் ஒரு வாப்பா வீட்டுக்கு வந்தார். மகன் என்னிடம் படித்த பிள்ளை. ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டு இருக்கிறான். வாப்பாவின் கையில் நாலாக மடித்த கொட்டேஷன் தாள்.

"சேர், இதை ஒருக்காப் பாருங்க. மூத்தவன் கட்டாரில இருந்து கொஞ்சம் அனுப்பினவன். மிச்சத்துக்கு மகள்ட காப்பை அடகு வைக்கலாம் எண்டு இருக்கிறம். கேமிங்குக்கு இதுதானாம் ஆகப் பெரிய மெஷின். ரெண்டு கிராபிக்ஸ் கார்ட் போட்டதாம்."

தாளை விரித்துப் பார்த்தேன். ஆர்எக்ஸ் 580 கார்ட் இரண்டு, இரண்டும் பாவித்தவை. மூன்று மொனிட்டர். பெயரே இல்லாத ஒரு பவர் சப்ளை, பக்கத்தில் "750 வாட்ஸ்" என்று மட்டும். யூபிஎஸ் இல்லை. மொத்தம் நாலு இலட்சத்துக்குக் கிட்ட.

எந்தக் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை. கேட்டு இன்பொக்ஸுக்கும் வராதீர்கள். ஒரு கடையைச் சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை, இதே தாள் வேறு வேறு பெயரில் இந்த வருடம் என் கைக்கு வருவது இது மூன்றாம் தடவை. எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். இதே மனிதர் பழைய லாண்ட்மாஸ்டர் ஒன்று வாங்கப் போனபோது இரண்டு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனவர். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, புகையின் நிறம் பார்த்து, ஒயில் தொட்டுப் பார்த்துத்தான் காசை எண்ணினார். நாலு இலட்சத்துக் கொம்பியூட்டருக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "எனக்கு அது விளங்காது சேர்" என்றார். விளங்காத இடத்தில்தானே நாலு கேள்வி கூடக் கேட்க வேண்டும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் விளையாடுவதற்கு இன்றைக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்ட் வாங்குவது காசைக் குளத்தில் போடுகிற வேலை. இரண்டாவது மொனிட்டர் நல்லது. மூன்றாவது தேவையில்லை. இரண்டாவது கார்ட்டுக்கு வைத்த காசு நல்ல பவர் சப்ளைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போகட்டும்.

மகனையும் கூப்பிட்டு இருத்தினேன். அவன் லேசில் விடவில்லை. "சேர், யூடியூப்ல 1080 கார்ட் ரெண்டு போட்டு ஓடின வீடியோ இருக்கு. டபுளா எஃப்பிஎஸ் வருது." அது பொய்யில்லை. "வீடியோ எந்த வருசம் மகன்?" என்று கேட்டேன். போனை எடுத்துப் பார்த்தான். 2016.

இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1998 இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பனி வூடூ 2 என்ற கார்ட்டை வெளியிட்டது. இரண்டு வாங்கி ஒரு மெஷினில் பூட்டினால், திரையின் ஒற்றை வரிகளை ஒரு கார்ட்டும் இரட்டை வரிகளை மற்றதும் வரையும். 800க்கு 600 என்று இருந்த படம் 1024க்கு 768 ஆகும். அந்தக் காலத்தில் அது உண்மையாகவே பெரிய காரியம். அந்தக் கம்பனி விழுந்தபோது அதன் சொத்துக்களை என்விடியா வாங்கியது. 2004 இல் என்விடியா எஸ்எல்ஐ என்ற அதே பெயரோடு வந்தது, அடுத்த வருடம் ஏடிஐ குரொஸ்பயர் என்று வந்தது. பிறகு ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம் இரண்டு கார்ட், மூன்று கார்ட் வைத்திருப்பவன்தான் பெரிய ஆள். நானும் அந்தப் படங்களை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன்தான். புத்தளத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்துக் கார் ஓட்டிய தலைமுறை நான்.

அந்தப் பாதையை மூடியது விமர்சகர்கள் இல்லை, கார்ட் செய்கிறவர்களே மூடிவிட்டார்கள். ஏஎம்டி 2019 இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 5700 இல் பழைய குரொஸ்பயர் இல்லை. என்விடியா 2020 இல் வெளியிட்ட 30 வரிசையில் ஆக விலை கூடிய 3090 க்கு மட்டும்தான் இணைப்பு வாசல் வைத்தது. 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்ட்களுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் எழுத மாட்டோம் என்றும் அறிவித்தது. 2022 இல் வந்த 4090 இல் அந்த வாசலும் இல்லை. செய்கிறவனே கைவிட்ட சாமானை வவுனியாவில் ஒரு பிள்ளை தங்கச்சியின் காப்பை அடகு வைத்து வாங்குவதா?

ஏன் கைவிட்டார்கள் என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. வாத்தியார் என்றபடியால் விடைத்தாளை வைத்தே விளக்கினேன்.

தவணைப் பரீட்சை. நாற்பது விடைத்தாள். நானும் இன்னொரு ரீச்சரும் பங்குபோட்டுத் திருத்துகிறோம். 1, 3, 5 எனக்கு, 2, 4, 6 ரீச்சருக்கு. மூன்றாவது ஆள் ஒருவர் புள்ளியைப் பதிவேட்டில் வரிசையாக எழுத வேண்டும். வரிசை மாறக்கூடாது. 8 ஆம் தாள் எழுத்து விளங்காத பிள்ளையுடையது, ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசிக்கிறார். என் 9 முடிந்துவிட்டது, ஆனால் எழுத முடியாது. பிறகு 8 உம் 9 உம் ஒன்றாக வந்து விழுகின்றன. கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்தில் திருத்திய தாள்கள் இரட்டிப்புக்குக் கிட்ட. பதிவேடு எழுதுகிறவருக்குத்தான் தெரியும், நின்று நின்று வந்த கதை. எஸ்எல்ஐ பெரும்பாலும் இப்படித்தான், ஒரு படம் இந்தக் கார்ட், அடுத்த படம் மற்றக் கார்ட். எஃப்பிஎஸ் மூலையில் 90 என்று காட்டும், கண்ணுக்குத் தட்டித் தட்டி ஓடும். இதற்குப் பெயர் மைக்ரோ ஸ்டட்டர். யூடியூப் வீடியோவில் இலக்கம் தெரியும், இந்தத் தட்டல் தெரியாது.

அடுத்தது ஞாபகம். "8 ஜிபி கார்ட் ரெண்டு, அப்ப 16 ஜிபி" என்று கொட்டேஷனிலேயே எழுதியிருந்தார்கள். புள்ளித் திட்டம் எனக்கும் ஒன்று வேண்டும், ரீச்சருக்கும் ஒன்று வேண்டும். இரண்டு பிரதி இருப்பதால் புள்ளித் திட்டம் இரண்டு மடங்கு நீளமாகிவிடாது. அப்படித்தான் இரண்டு கார்ட்டிலும் ஒரே சாமான்தான் ஏற்றப்படும். கேமுக்குக் கிடைப்பது 8 தான்.

ஆகப் பெரிய பிரச்சினை மூன்றாவது. ஒவ்வொரு தாளையும் திருத்த முதல் அதற்கு முந்திய தாளின் புள்ளியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் என்ன செய்வது? ஆள் இரண்டு இருந்தும் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இன்றைய கேம்கள் அப்படித்தான். விளிம்பை மிருதுவாக்குவதற்கும், டிஎல்எஸ்எஸ் போன்ற வித்தைகளுக்கும் முந்திய படத்தின் தரவு வேண்டும். படத்தை மாறி மாறிப் பங்குபோடுகிற முறை அங்கேயே செத்துவிட்டது. 2015 இல் டைரக்ட்எக்ஸ் 12 வந்தபோது இரண்டு கார்ட்டைச் சமாளிக்கும் பொறுப்பு கேம் எழுதுகிறவர்களின் தலையில் விழுந்தது. இரண்டு கார்ட் வைத்திருப்பது நூற்றில் எத்தனை பேர்? அந்தச் சிலருக்காக யார் மாதக்கணக்கில் மினக்கெடுவான்? விரல்விட்டு எண்ணக்கூடிய சில கேம்கள்தான் செய்தன. மற்றவற்றில் இரண்டாவது கார்ட் ஃபான் சுற்றிக்கொண்டு சும்மா இருக்கும்.

வரிசை தேவையில்லாத வேலை என்றால் கதை வேறு. பிளெண்டரில் படம் ரெண்டர் பண்ணுவது, ஏஐ மாடல் பயிற்றுவது, இவற்றுக்கு இரண்டு கார்ட் போட்டால் உண்மையாகவே பலன் உண்டு. மகன் நாளைக்கு அந்தத் துறைக்குப் போய் உழைத்தால் அப்போது இரண்டு என்ன, நாலு வாங்கட்டும்.

அப்படியென்றால் கடைகளில் ஏன் இந்த ஜோடிகள் கிடக்கின்றன? கிரிப்டோ மைனிங். ஆர்எக்ஸ் 580 2017 இல் வந்த கார்ட். ஈதிரியம் தோண்டுகிறவர்கள் ஆறு, எட்டு என்று ஒரே சட்டத்தில் மாட்டி இரவு பகலாக ஓடவிட்ட கார்ட்களில் இதற்கு முதல் வரிசை. 2022 செப்டெம்பர் 15 இல் ஈதிரியம் தன் முறையை மாற்றியது. அதோடு கார்ட் வைத்துத் தோண்டுகிற வேலை ஒரே நாளில் முடிந்தது. உலகம் முழுக்க அந்தக் கார்ட்கள் பாவித்த சந்தைக்கு வந்தன. ஒன்றாக விற்பதைவிட இரண்டாகத் தள்ளிவிட்டால் கடைக்காரருக்கு லாபம். அவ்வளவுதான் "ஆகப் பெரிய மெஷின்" என்பதன் அர்த்தம்.

மைனிங் கார்ட் எல்லாம் பழுது என்று நான் சொல்லவில்லை. சோதித்து வாங்கினால் ஓடும். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். உண்மையான 580 என்றால் ஷேடர் எண்ணிக்கை 2304 காட்ட வேண்டும். 2048 காட்டினால் அது 580 என்ற பெயரில் வருகிற 570. மைனிங்குக்காக பயோஸ் மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கடையில் வைத்தே அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓடவிட்டு ஃபான் சத்தத்தைக் கேளுங்கள். லாண்ட்மாஸ்டருக்குச் செய்ததைத்தான் செய்யச் சொல்கிறேன். இன்னொன்று, மதர்போர்ட்டில் நீளமான வாசல் இரண்டு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சாதாரண போர்ட்களில் இரண்டாவது வாசல் பார்வைக்குத்தான் நீளம், உள்ளே நாலு வழிதான் இருக்கும்.

இனி மொனிட்டர். "மூணு மொனிட்டருக்கு ரெண்டு கார்ட் கட்டாயம் வேணுமாம்" என்றான் மகன். இதுவும் ஒரு காலத்தில் உண்மை. 2010 இல் என்விடியாவில் மூன்று திரையில் கேம் ஓட இரண்டு கார்ட் வேண்டித்தான் இருந்தது. 2012 இல் ஜீடிஎக்ஸ் 680 வந்ததோடு ஒரே கார்ட்டில் முடிந்தது. ஏஎம்டி 2009 இலேயே ஒரே கார்ட்டில் மூன்று திரை காட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பழசான புத்திமதி இன்னும் நம்மூரில் விலைபோகிறது.

மூன்று திரையில் கேமை விரித்தால் என்ன நடக்கும் என்று பிள்ளையையே பெருக்கச் சொன்னேன். 1920ஐ 1080ஆல் பெருக்கினால் இருபது இலட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு புள்ளி. மூன்று திரை என்றால் அறுபத்திரண்டு இலட்சத்துக்கும் மேல். செக்கனுக்கு அறுபது தடவை அத்தனையையும் வரைய வேண்டும். பழைய 580 மூச்சு வாங்கும். விமானம் ஓட்டுகிற, கார் ரேஸ் ஓட்டுகிற சிமுலேட்டர்களுக்கு மூன்று திரை அழகுதான். இவன் விளையாடுவது வலோரன்ட். போட்டிக்கு விளையாடுகிறவர்கள் 24 அங்குலத் திரை ஒன்றைத்தான் முகத்துக்கு நேரே வைக்கிறார்கள். 144 ஹேர்ட்ஸ் திரை ஒன்று, அவ்வளவுதான். அதையும் வாங்கிய பிறகு விண்டோஸில் 60 இலிருந்து 144க்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். கேபிளை மதர்போர்ட்டில் செருகிவிட்டு, கார்ட் வேலை செய்யவில்லை என்று ஆறு மாதமாகக் குறைபட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். கேபிள் கார்ட்டில் செருக வேண்டும்.

இரண்டாவது மொனிட்டரை நான் வெட்டவில்லை. அதற்கு ஆதரவாகத்தான் பேசினேன். கந்தோர்களில் கழித்து விற்கிற 22 அங்குலத் திரை போதும். ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒரு பக்கம் ஸூம் வகுப்பு, மறுபக்கம் கடந்தகால வினாத்தாள் என்று வைத்துப் படிக்கலாம். ஐசிடி எடுக்கப் போகிறான் என்றால் ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் பைதன். கொரோனா காலத்தில் ஒரு போன் திரையில் மூன்று பிள்ளைகள் எட்டிப் பார்த்துப் படித்த வீடுகள் எத்தனை!

இப்போது கரண்ட். கொட்டேஷனில் ஒருவரும் பேசாத பகுதி. ஒரு 580 கார்ட் 185 வாட்ஸ் இழுக்கும். இரண்டு என்றால் 370. பதிலாக நான் எழுதிக் கொடுத்த ஆர்எக்ஸ் 6600 ஒரே கார்ட், 132 வாட்ஸ், 2021 இல் வந்தது, ஒரு 580 ஐவிடத் தெளிவாக வேகம். வித்தியாசம் 238 வாட்ஸ். நாளுக்கு நாலு மணித்தியாலம் விளையாடினால் மாதம் 28 அலகு. மின்சார பில்லில் அலகு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 370 வாட்ஸும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். நம்முடைய தகரக் கூரை அறையில், ஆகஸ்ட் மாத மத்தியானத்தில், அதுவும் ஒரு அடுப்பு. அறுவடைக் காலத்துத் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

650 விஏ என்று எழுதிய சிறிய யூபிஎஸ்கள் பல 360 வாட்ஸ் அளவுதான் தாங்கும். இரண்டு கார்ட் மெஷின் கேம் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுக்கும். ஒரு கார்ட் மெஷின் என்றால் சேவ் பண்ணி நிறுத்த நேரம் கிடைக்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியதற்கு பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்ன நாடு இது. யூபிஎஸ் இல்லாமல் நாலு இலட்சத்தைச் சுவரில் செருகுவதற்கு எனக்கு மனமில்லை. பெயரில்லாத பவர் சப்ளை போகும்போது தனியாகப் போவதில்லை, கார்ட்டையும் போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மின்னல் தொடங்கினால் பிளக்கை மட்டுமில்லை, ரவுட்டர் கேபிளையும் கழற்றுங்கள்.

"லாக்" பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் லாக் என்று சொல்வது கார்ட்டின் குற்றமில்லை, இணைய இணைப்பின் குற்றம். வலோரன்ட் விளையாடும்போது தரவு மும்பாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்த் திரும்ப வேண்டும். பத்துக் கார்ட் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. 4ஜி ரவுட்டரை அலுமாரிக்கு மேலிருந்து ஜன்னலுக்கு மாற்றி, வைஃபையை விட்டுக் கேபிள் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அதற்கு ஆயிரம் ரூபாயும் செலவாகாது.

இதையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது ஒரு சேர் கேட்டார், "கேம் விளையாடுற பொடியனுக்கு நீங்க ஏன் வக்காலத்து வாங்குறீங்க? வாங்கவே வேணாம் எண்டு சொல்லலாமே?" சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளை நமக்குச் சொல்லாமல் கேட்பான், யாரிடமோ கேட்பான், அந்த யாரோ அவனுக்கு இரண்டு கார்ட்டை விற்பார். கேம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் முகத்தைத் திருப்புவதால்தான் பிள்ளைகளுக்கு இதில் ஆலோசனை சொல்ல வீட்டில் ஒரு பெரியவரும் இல்லை. 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். அதில் இரண்டு கேம் போனிலேயே விளையாடுவது. அதைக் காட்டி "சேர், நானும் போவன்" என்று சொல்கிற பிள்ளைக்கு நான் சிரிப்பதில்லை. எத்தனை மணித்தியாலம் விளையாடுவாய், எப்போது படிப்பாய், எப்போது தூங்குவாய் என்று கேட்பேன். அது வேறு பஞ்சாயத்து, இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன்.

அந்தக் கொட்டேஷனை மூன்று பேரும் இருந்து திருப்பி எழுதினோம். ஒரு கார்ட். இரண்டு மொனிட்டர், ஒன்று புதுசு, ஒன்று பழசு. நல்ல பெயருள்ள 550 வாட்ஸ் பவர் சப்ளை. யூபிஎஸ். ஒரு இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. கட்டாரிலிருந்து வந்த காசோடு வாப்பாவின் கையிருப்புக் கொஞ்சம் சேர்ந்தால் சரி. காப்புக்கு வேலையில்லை.

மகனுக்கு முழுச் சந்தோசம் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கார்ட் கலர் கலராக மின்னுவதைக் கூட்டாளிமாருக்குக் காட்ட அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை பேசவில்லை. போகும்போது வாசலில் நின்று, "சேர், பவர் சப்ளையை 650 எடுத்தா, பிறகு நல்ல கார்ட் ஒண்டு மாத்தலாம்தானே?" என்று கேட்டான். சரியான கேள்வி. 650 என்று திருத்திக் கொடுத்தேன்.

யாரிடமாவது இப்படி ஒரு தாள் இருந்தால், காசு கட்ட முதல் ஒருக்கால் காட்டுங்கள். சனிக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவன் இல்லாமல் பேசிப் பயனில்லை.